புன்னைக்காயல் கழிமுகத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும், முடிந்தால் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நேராகப் புன்னைக்காயலுக்குப் போய்விடாதீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குங்கள். அணைக்கட்டின் பக்கம் நின்று மேற்கேயும் கிழக்கேயும் ஒரு பத்து நிமிடம் பாருங்கள்.

மேற்கே தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கிருந்துதான் வடகாலும் தென்காலும் பிரிந்து வயலுக்கும் வாழைக்கும் குளங்களுக்கும் போகின்றன. கிழக்கே, மழையில்லாத மாதமாக இருந்தால், மணலும் அமலைச்செடியும் நடுவில் மெலிந்த ஓட்டமும்தான் இருக்கும். பொதிகையில் புறப்பட்டுச் சுமார் 125 கிலோமீட்டர் ஓடி வருகிற ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று வந்து, 1870களில் கட்டிய இந்த ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி. இதைத் தாண்டிக் கீழே எவ்வளவு நல்ல தண்ணீர் இறங்குகிறதோ அவ்வளவுதான் கழிமுகத்தின் பங்கு. அங்கே நீங்கள் பிறகு பார்க்கப்போகும் மரம், நண்டு, பறவை, மீன் எல்லாமே இந்தப் பங்கில்தான் பிழைக்கின்றன. அதனால்தான் இங்கே தொடங்கச் சொல்கிறேன்.

1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு, மலையிலிருந்து கடல் வரை இந்த ஆறு முழுக்கத் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் ஓடியது. இன்றைக்கும் ஆற்றைப் பற்றிப் பேசும்போது மாவட்ட எல்லையை மறந்துவிடுவது நல்லது. பாபநாசத்தில் ஆற்றில் விடுகிற துணியும், வழியில் நகரங்களிலிருந்து கலக்கிற சாக்கடையும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

ஒரு பேச்சை முதலில் மறக்க வேண்டும்

நம் ஊரில் வெள்ளம் வரும்போதெல்லாம் ஒரு வரி காதில் விழும்: "இவ்வளவு தண்ணியும் வீணாக் கடல்ல போய்க் கலக்கு." சிறு வயதில் நானும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தேன். கழிமுகத்தைப் படிக்க வருகிறவர்கள் இந்த வரியை முதலில் இறக்கி வைக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு கழிமுகத்துக்குப் போனால் அங்கே நடப்பது எதுவும் புரியாது.

நல்ல தண்ணீர் கடலுக்கு வரும்போது நிறைய வேலை நடக்கிறது. முதல் வேலை, உப்பைக் கிழக்கே தள்ளி வைப்பது. கடல்நீர் கனமானது. ஆற்றின் ஓட்டம் குறைந்தால் அது அடியோடு அடியாக ஆற்றுக்குள் ஏறிவரும், கரையோரக் கிணறுகளுக்குள்ளும் பக்கவாட்டில் கசியும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்கால்கள் நிற்பது முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான். உப்பு ஏறிய தண்ணீரை வெற்றிலைக்கொடி தாங்காது. ஆக, "வீணாக" ஓடுகிற அந்தத் தண்ணீர் கொடிக்காலுக்கும் காவல் நிற்கிறது.

இரண்டாவது, வண்டல். கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர். இன்றைக்கு அது கடலிலிருந்து 6, 7 கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. அதற்குப் பின் வந்த பழையகாயலும் கடலைவிட்டுத் தள்ளிப்போன துறைமுகம்தான். ஆறு சுமந்துவந்த மண் இத்தனை தூரம் நிலத்தை வளர்த்திருக்கிறது. மண் வருவது நின்றால் இதே கணக்கு தலைகீழாகும், கடல் உள்ளே வரும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை போட்டபோது, அந்த வழக்கைத் தொடுத்தவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு. ஆற்று மணலைக் காப்பாற்றியது கடற்கரையையும் சேர்த்துக் காப்பாற்றியது என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, மீனும் இறாலும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சு, கடல் ஏறி வற்றுகிற ஓதத்தோடு கழிக்குள் வந்து, உப்பு குறைவாகவும் தீனி நிறையவும் உள்ள ஓடைகளில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். விலாங்கு இதற்கு நேர்மாறு: ஆற்றிலும் குளத்திலும் பல வருடம் வாழ்ந்துவிட்டு, முட்டையிட மட்டும் கடலுக்கு இறங்கும். இரண்டுக்கும் வழி ஒன்றே. மடவை, கொடுவா, கிழங்கான் எல்லாம் இந்த வாசலில் போய்வருகிற மீன்கள்தான்.

கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் அப்படிச் சொல்லவும் முடியாது. குளத்துக்கு ஒரு பங்கு, கால்வாய்க்கு ஒரு பங்கு என்று பிரிக்கும்போது, கழிமுகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அணையின் மேல் நின்று பார்த்தவர்களுக்கு இது சீக்கிரம் விளங்கும்.

எப்போது போவது, எப்படிப் போவது

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றை ஒட்டி ஏரல், பிறகு ஆத்தூர். தூத்துக்குடியிலிருந்து வருகிறவர்கள் திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி தாண்டி ஆத்தூர் வரலாம். பழையகாயல் பக்கம் இரண்டு புறமும் உப்பளம் வரும், அங்கே இறங்கிப் பார்ப்பதும் இந்தப் படிப்பில் சேர்த்திதான். ஆத்தூரிலிருந்து கிழக்கே சேர்ந்தபூமங்கலம். நவகைலாயத்தில் கடைசிக் கோயில் அங்கே இருக்கிறது. பாபநாசத்தில் தொடங்கிய கோயில் வரிசையைக் கடலோரம் வரை கொண்டுவந்து முடித்தவர்கள், ஆற்றை முழுதாகப் பார்க்கத் தெரிந்தவர்கள். அதற்கப்புறம் புன்னைக்காயல்.

போகிற வழியில் ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று மூன்று ஊர்ப் பெயரில் காயல் இருக்கிறது. காயல் என்றால் கடலை ஒட்டிய கழி. ஏரல் பக்கத்தில் உமரிக்காடு என்று ஓர் ஊர். உமரி என்பது உப்புமண்ணில் வளரும், இலையும் தண்டும் சதைப்பற்றாக உள்ள சிறு செடி. கடலோரச் சதுப்பில் இதை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். அந்த நாட்களிலும் அடுத்த ஒன்றிரண்டு நாட்களிலும் ஓதம் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மந்தமாக இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு போய்ச் சேர்வது நல்லது. சேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதையும், அதன் பின்னாலேயே பறவை இறங்குவதையும் அப்போதுதான் பார்க்க முடியும்.

மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் உயரம் சிறியது. நல்ல ஏற்றத்துக்கும் நல்ல வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. குஜராத் கடற்கரையில் இதே வித்தியாசம் பல மீட்டர். நிலமோ தட்டையானது. அதனால் இங்கே ஒரு சாண் உயரம்கூடப் பெரிய விஷயம். முழங்கால் உயரத்துக்கு யாராவது ஒரு மண்வரப்பு போட்டால், அதற்கு அந்தப் பக்கம் ஏக்கர் கணக்கில் ஓதம் போகாமல் நின்றுவிடும். ஒரு வண்டிப்பாதைக்குக் குழாய் வைக்காமல் மண் கொட்டினாலும் அப்படித்தான். கழிமுகத்துக்கு வரும் கேடு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் இப்படி முழங்கால் உயரத்தில்தான் இருக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, பென்சில். பேனா மை நனைந்தால் போய்விடும். காலில் பழைய கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், வெறுங்காலைச் சிப்பி ஓடு அறுக்கும். ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும், மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும். தனியாகச் சேற்றுக்குள் இறங்க வேண்டாம்.

சேறும் மரமும்

முதல் நாளில் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு இடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் விளிம்பிலிருந்து மேட்டைப் பார்த்து நிலம் எப்படி மாறுகிறது என்று மட்டும் எழுதுங்கள். முதலில் வெறும் சேறு. அடுத்துக் கண்டல் மரங்கள். அதற்கு மேலே, பெரிய ஓதம் மட்டும் எட்டுகிற உப்புத்தரையில் உமரி. அதையும் தாண்டினால் சீமைக்கருவேலம் அல்லது உப்பளத்தின் வரப்பு.

இங்கே அதிகம் நிற்பது வெண்கண்டல். அலையாத்தி என்று அறிவிப்புப் பலகைகளில் எழுதியிருப்பார்கள். கண்டல் என்பது சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல், நான் அதையே சொல்கிறேன். அதன் இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். வெயில் ஏறிய பிறகு இலையை விரலால் தடவி நாக்கில் வையுங்கள், கரிக்கும். வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நட்டுக்கொண்டு நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேரின் நுனி மேலே வந்து காற்று வாங்குகிறது. தயவுசெய்து அவற்றின் மேல் நடக்காதீர்கள். இருபது பேர் ஒரே தடத்தில் நடந்தால் அந்தத் தடம் பல மாதம் அப்படியே கிடக்கும்.

கால் ஊன்றி முட்டுக் கொடுத்ததுபோல வளைந்த வேர் உள்ள மரம் கண்ணில் பட்டால் அது சுரபுன்னை வகை. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போலத் தொங்கும்.

சேற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், உண்மைதான். காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் இலைக்குப்பையை மெதுவாகச் சிதைக்கும்போது வரும் வாடை அது. மெதுவாகச் சிதைவதால்தான் காற்றிலிருந்து மரம் எடுத்த கார்பன் அந்த மண்ணுக்குள்ளேயே நெடுங்காலம் தங்குகிறது. பத்து நிமிடம் அசையாமல் நின்றால், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து அதை ஆட்டத் தொடங்கும். ஆட்டுவது ஆண். அவை தோண்டும் வளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றும் தண்ணீரும் போகின்றன. நண்டு வளை இல்லாத சேறு நோய்ப்பட்ட சேறு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பறவைகள்

அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம், ஜனவரி மிக நல்லது. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த கரைப்பறவைகள் அப்போது இங்கே இருக்கும். புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி: நிறத்தை விடுங்கள், அலகையும் காலையும் பாருங்கள். கட்டை அலகோடு ஓடி நின்று, ஓடி நின்று கொத்தினால் உப்புக்கொத்தி. நீளமான சிவந்த காலோடு ஒயிலாக நடந்தால் நெடுங்கால் உள்ளான். காலும் அலகின் அடியும் சிவப்பாக இருந்து, ஆள் நெருங்கும்போது முதலில் கத்திக்கொண்டு பறந்தால் பவளக்காலி. அரிவாள்போலக் கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு என்றால் கோட்டான் (ஆந்தையைச் சொல்லும் கோட்டான் வேறு). இந்த அலகு நீளங்களுக்குக் காரணம் உண்டு. உப்புக்கொத்தி மேல்மண்ணில் உள்ள புழுவை எடுக்கும், பவளக்காலி ஒரு விரற்கடை ஆழத்தில் எடுக்கும், கோட்டான் வளைக்குள் இருக்கும் நண்டையே இழுத்து வெளியே போடும். ஒரே சேற்றில் சண்டையில்லாமல் எல்லோரும் சாப்பிட்டுப் போகிறார்கள்.

ஆலாக்கள் தண்ணீருக்கு மேலே நின்று பறந்து தலைகீழாக விழும். செம்பருந்து எப்போதும் இருக்கும். மீன்பிடிக்கும் விராலடிப்பான் குளிர்காலத்தில் வரும், மரக்கம்பத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தால் அதுவா என்று பாருங்கள். பூநாரையைத் தேடுகிறவர்கள் உப்பளப் பக்கம் போக வேண்டும். ஆழமில்லாத உப்புநீரில் பாசியையும் சிறு உயிர்களையும் அது வடிகட்டித் தின்னும். உப்பளத்தைக் கழிமுகத்துக்கு எதிரி என்று ஒரேயடியாக எழுதிவிட எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். பாத்தி போட்ட இடத்தில் பறவை இறங்கும், கழியின் ஓடையை அடைத்துப் பாத்தி போட்ட இடத்தில் மீன் செத்துப்போகும். எந்த இடத்தில் எது நடந்தது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

எண்ணுவதற்குப் பழகுங்கள். கூட்டத்தில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, மீதியை அந்த அளவால் அளந்து போங்கள். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி வாக்கில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு வருடம் அவர்களோடு குளங்களைச் சுற்றினால் உங்கள் கண் தேறிவிடும். கூந்தன்குளத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள இடம், ஊர் மக்கள் வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டும். பறவையோடு சேர்ந்து வாழ்வது எப்படி என்று அந்த ஊர் சொல்லிக் கொடுக்கும்.

ஊர்க்காரர்களிடம் பேசுவது

புன்னைக்காயல் மீனவர் ஊர், கத்தோலிக்க ஊர். ஞாயிறு காலை பூசை நேரத்தில் போய்க் கேள்வி கேட்க வேண்டாம். மற்ற நாட்களில் வலை பின்னிக்கொண்டோ வள்ளத்தைப் பார்த்துக்கொண்டோ யாராவது கரையில் இருப்பார்கள். "அண்ணாச்சி, இப்ப ஏத்தமா வத்தமா?" என்று கேட்டாலே போதும், பேச்சு தொடங்கிவிடும். நீங்கள் தெரிந்துகொள்ள வந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

என்ன மீன் முன்பு கிடைத்தது, இப்போது கிடைப்பதில்லை என்று கேளுங்கள். எந்த மாதம் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஏறும், எந்தக் காற்றுக்கு அது கரையும் என்று கேளுங்கள். வாடைக்காற்றுக்கும், கச்சான் என்கிற மேல்காற்றுக்கும் கடல் நடந்துகொள்ளும் விதமே வேறு. அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீரோட்டத்தை நீவாடு என்று சொன்னால் நோட்டிலும் நீவாடு என்றே இருக்கட்டும். ஒருமுறை ஒரு பெரியவர் என்னிடம், "மழைத்தண்ணி கலங்கலா வந்து ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க, மடவை தானா வரும்" என்றார். நான் எழுதி வைத்துக்கொண்டு மூன்று மழைக்காலம் பார்த்தேன். மூன்றிலும் அவர் சொன்னது சரியாக இருந்தது.

மீன் விற்கும் அக்காமாரிடம் கட்டாயம் பேசுங்கள். வலைக்காரருக்குத் தன் வலையில் விழுந்தது தெரியும், இவர்களுக்கு ஊர் முழுக்க விழுந்தது தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அந்தக் காலத்தில் கழி மீனுக்கு என்ன விலை போகிறது என்று கேட்டால், இந்தச் சேற்றின் மதிப்பு ரூபாய்க் கணக்கிலும் தெரியும்.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, திதி, நேரம், காற்று எந்தப் பக்கம், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் தாண்டுகிறதா இல்லையா. இந்த ஆறு விவரமும் ஒவ்வொரு முறையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதை எழுதாத நோட்டு பாதி நோட்டுதான்.

அதோடு உப்பு. இறால் பண்ணைகளில் ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கமான கருவி வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்று தெரியும். உப்பளத்தில் டிகிரி பார்க்கும் குழல் இதற்குச் சரிவராது, அது கெட்டியான உப்புநீருக்கு ஆனது. கருவி எதுவும் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரைத் துணியில் வடித்து, வற்றக் காய்ச்சி, மிஞ்சியதை எடை போடுங்கள். கடல்நீர் என்றால் சுமார் 35 கிராம் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளோடு செய்ய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முகத்துவாரம், சேர்ந்தபூமங்கலம், முக்காணிப் பாலம் என்று மூன்று இடத்தில், மாதம் ஒருமுறை, ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில் எடுங்கள்.

இந்த எண்ணுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதை, கோடையில் மிக வறண்ட காலத்தில் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு எதுவரை இருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

உதவி செய்ய நினைத்தால்

பெரும்பாலோர் மரக்கன்றோடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல வருடங்களுக்கு முன் ஒரு குழுவோடு சேர்ந்து ஒரு நாள் முழுக்கக் கண்டல் கன்று நட்டோம். பதாகை பிடித்துப் படம் எடுத்தோம். அடுத்த ஆடியில் போனபோது ஒன்றுகூட உயிரோடு இல்லை. நட்ட இடத்துக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு பழைய வரப்பு இருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கியது, கோடையில் காய்ந்து உப்புப் பூத்தது. கன்றின் மேல் குற்றமே இல்லை. அன்றிலிருந்து கன்றைத் தொடுவதற்கு முன் தண்ணீரின் வழியைத்தான் பார்க்கிறேன்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் செய்ததும் இதுதான். மரம் அழிந்து தரை தாழ்ந்து உப்பு ஏறிக் கிடந்த இடத்தில், மீன் முள்போல நடுவில் ஒரு வாய்க்காலும் பக்கத்தில் கிளை வாய்க்கால்களும் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். உப்பு கழுவிப் போனது, அப்புறம் நட்ட கன்று பிடித்தது. பொதுவாக நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் முங்கிக் கிடக்கும் இடத்தில் கண்டல் பிழைக்காது. ஓதமே எட்டாத இடத்திலும் பிழைக்காது. நடு இடம்தான் அதன் இடம், அங்கே தாய்மரம் பக்கத்தில் இருந்து ஓதமும் ஒழுங்காக வந்தால் விதை தானாகவே வந்து முளைக்கும்.

வெறும் சேற்றுத்தரையைப் பார்த்து "சும்மா கிடக்கிறது" என்று அதில் கன்று நடாதீர்கள். அது கரைப்பறவையின் சாப்பாட்டுத் தட்டு. உமரித்தரையிலும் நடாதீர்கள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் எங்கும் நட வேண்டாம், வாய்க்கால் வெட்டவும் வேண்டாம்.

நம் கையால் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. கண்டல் வேரில் சிக்கிய கிழிந்த நைலான் வலையை வெட்டி எடுப்பது முதல் வேலை, அதில் மாட்டிய நண்டும் பறவையும் மெதுவாகச் சாகும். வலையை இழுக்காமல், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். பிளாஸ்டிக் பொறுக்கும்போது எந்த வகை எத்தனை என்று எழுதுங்கள். எண்ணிக்கை இருந்தால் அது மேலே எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பேச முடியும்.

ஓடையை அடைத்திருப்பதையோ கண்டலை வெட்டியிருப்பதையோ பார்த்தால், அங்கேயே யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். தேதி தெரியும்படி படம், கைபேசியில் இருப்பிடக் குறியீடு, முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு சர்வே எண். பிறகு மனு. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி கண்டல் காடு, உப்புச் சதுப்பு, உயிர்ப்புள்ள சேற்றுத்தரை ஆகியவை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் பிரிவில் வருகின்றன. 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்டல் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்புப் பகுதியும் உண்டு. இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பலர் 2017 ஈரநில விதிகளைக் காட்டி மனு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் நிலத்துக்கு அந்த விதி பொருந்தாது. மனு போக வேண்டியது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபையில் ஊர்க்காரர்களே எழுந்து பேசித் தீர்மானம் போட்டால் இன்னும் பலம். வெளியூர்க்காரர் பேசுவதைவிட அவர்கள் பேசுவதற்குத்தான் அங்கே எடை.

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு வந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அத்தனை தண்ணீரும் கடைசியில் போக வேண்டிய இடம் இந்தக் கழிமுகம். அங்கே உள்ள ஒவ்வோர் ஓடையும் வெள்ளத்துக்கு ஒரு வாசல். வெள்ளம் வடிந்த பிறகு நான் போனபோது முகத்துவாரத்தில் திட்டுகள் இடம் மாறியிருந்தன, கண்டலின் மேல் கிளைகளில் வாழைச் சருகும் வைக்கோலும் தொங்கின. மரங்கள் நின்றுகொண்டிருந்தன.

முதல் பயணம் ஜனவரியில் என்றால், இரண்டாவது பயணத்தை மே மாதக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலசைப் பறவைகள் அநேகமாக இருக்காது, வெயில் கொளுத்தும். அதே மூன்று இடத்தில் உப்பை அளந்துவிட்டு, திரும்பும்போது ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி, அணைக்குக் கிழக்கே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்து ஜனவரிப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள்.